கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்: பரிமாற்ற மாணவரின் இரவு

2014 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் தன் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்தைப் பற்றிப் பெரிய ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டது. வேலைவாய்ப்பு, மொழித் திறன், தன்னம்பிக்கை என்று பக்கம் பக்கமாக அதில் விவரம் இருந்தது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டதோ வேறொரு கணக்கை. திட்டத்தில் போய்வந்தவர்களில் 27 விழுக்காட்டினர் தங்கள் வாழ்க்கைத் துணையை அந்த வெளிநாட்டு வாசத்தின்போதுதான் சந்தித்திருக்கிறார்கள். அந்த விகிதத்தை வைத்துப் பார்த்தால் 1987 முதல் சுமார் பத்து லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கலாம் என்று ஆணையமே மதிப்பிட்டிருந்தது. 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்களோடு தொடங்கிய ஒரு கல்வித் திட்டத்துக்கு இது எதிர்பாராத விளைச்சல்தான். இந்தச் சந்திப்புகள் எல்லாம் நுண்பொருளியல் வகுப்பில் நடந்ததாக யாரும் நினைக்கவில்லை. பகலில் படிப்பு, இரவில்தான் பரிமாற்றம் என்பது எல்லோரும் அறிந்த, எந்த விண்ணப்பப் படிவத்திலும் எழுதாத சங்கதி.

ஆனால் அந்த இரவில் யாரோடு யார் பரிமாறிக்கொள்கிறார்கள்? பார்சிலோனாவுக்குப் போன பிரெஞ்சு மாணவர் பார்சிலோனாக்காரர்களைச் சந்திக்கிறாரா, பார்சிலோனாவுக்கு வந்திருக்கும் டென்மார்க்காரரையும் இத்தாலியரையும் சந்திக்கிறாரா? செட்ரிக் கிளாபிஷ் 2002இல் எடுத்த ‘லோபெர்ஜ் எஸ்பான்யோல்’ என்ற பிரெஞ்சுப் படம் எராஸ்மஸ் தலைமுறையின் படம் என்றே பெயர் வாங்கியது. பார்சிலோனாவில் ஒரு வீட்டில் கூட்டாக வாடகைக்கு இருக்கும் மாணவர்களின் கதை அது. பிரான்ஸ், இங்கிலாந்து, இத்தாலி, ஜெர்மனி, டென்மார்க், பெல்ஜியம் என்று ஆளுக்கொரு தேசம். ஸ்பெயினைச் சேர்ந்தவர் அந்த வீட்டில் ஒரே ஒருவர். இயக்குநர் தெரிந்து செய்தாரோ தற்செயலோ, விகிதம் கச்சிதமாக வந்துவிட்டது.

இதை ஆய்வாளர்கள் எராஸ்மஸ் பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பே கண்டிருந்தார்கள். ஸ்டீபன் போக்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்து வெளிநாட்டு மாணவர்களை ஆராய்ந்து 1977இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெளிநாட்டு மாணவருக்கு மூன்று நட்பு வட்டங்கள் இருக்கின்றன என்பது அவர்கள் முடிவு. முதலாவது சொந்த நாட்டவர். மனம்விட்டுப் பேச, நம் சாப்பாடு சாப்பிட, பண்டிகை கொண்டாட. இரண்டாவது உள்ளூர்க்காரர், பெரும்பாலும் காரியத்துக்காக, அதாவது பாடக் குறிப்பு வாங்க, அலுவலகப் படிவம் நிரப்ப. மூன்றாவது பிற வெளிநாட்டு மாணவர்கள், பொழுதுபோக்குக்கு. இரவு நேரே போய் மூன்றாவது வட்டத்தில் விழுகிறது. உள்ளூர்க்காரரின் இரவுக்கு ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள்: பள்ளித் தோழர், காதலி, தம்பி தங்கை. புதிதாக வந்தவருக்கு இன்னொரு புதிதாக வந்தவர்தான் கையில் நேரத்தோடு இருக்கிறார்.

2010இல் ஆய்வாளர் எம்மானுவெல் சிகாலாஸ், எராஸ்மஸ் மாணவர்களுக்கு உள்ளூர்க்காரர்களோடு பழக்கம் குறைவு, பிற எராஸ்மஸ் மாணவர்களோடுதான் அதிகம் என்று எழுதினார். 2012இல் தெரேசா கூன், இத்திட்டம் ஏற்கெனவே ஐரோப்பிய மனம் கொண்டவர்களையே அழைத்துப் போகிறது, அதனால் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்க முடியாது என்றார். அதே ஆண்டு கிறிஸ்டின் மிட்செல் மாற்றம் உண்டு என்றே வாதிட்டார். இந்தச் சண்டை ஐரோப்பிய அடையாளம் வளர்கிறதா என்பது பற்றியது. நமக்கு அது முக்கியமில்லை. முக்கியமானது, இரு தரப்பாரும் மாணவரை எண்ணினார்களே தவிர, அவர் நின்றிருந்த இடத்தை அதிகம் கவனிக்கவில்லை என்பது. ஒரே மாணவர், ஒரே குணம், ஒரே மொழி. ஓர் ஊரில் இரவு அவரை உள்ளே இழுத்துக்கொள்கிறது, இன்னோர் ஊரில் வாசலிலேயே வைத்திருக்கிறது. ஊர் மாறும்போது என்ன மாறுகிறது?

முதலில் கடிகாரமும் சட்டமும். மாட்ரிட் நகரம் லண்டனுக்கும் மேற்கே இருக்கிறது. ஆனால் 1940இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி பெர்லின் நேரத்தோடு சேர்த்துவிட்டார், பிறகு யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை. ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகிறது. ஒன்பது, பத்து மணிக்குச் சாப்பாடு. கிளப்பில் கூட்டம் சேர இரண்டு மணி. மெட்ரோ ரயில் நள்ளிரவுக்குப் பிறகு நின்று காலை ஆறுக்குத்தான் மறுபடி ஓடும். பன்னிரண்டு மணிக்கே ‘நேரமாச்சு’ என்று கிளம்பி வரும் வடக்கத்திய ஐரோப்பிய மாணவர்கள் காலி ஹாலில் மாட்ரிட்வாசிகள் யாரும் இல்லாமல் ஆடிவிட்டு, ‘இங்கே உள்ளூர்க்காரர்களே வருவதில்லை’ என்று முடிவுகட்டிக்கொண்டு போவது அங்கே வாடிக்கை. உள்ளூர்க்காரர்கள் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருக்கிறார்கள்.

ஜப்பானில் இதற்கு நேர் எதிர். டோக்கியோவில் கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். முதல் ரயில் நாலரை, ஐந்துக்கு. அதனால் பதினொன்றரை மணிக்கு மேஜையில் எல்லோரும் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். ஒன்று ஓடிப்போய் ரயிலைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் காலை வரை கரோக்கே அறை. நடு வழி கிடையாது. இன்னொரு விந்தை: 1948இல் வந்த ஒரு சட்டம் நள்ளிரவுக்குப் பிறகு வாடிக்கையாளர் நடனமாடுவதையே கட்டுப்படுத்தியிருந்தது. பல காலம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு போலீஸ் ரெய்டுகள் வந்தன, ‘நடனம் கூடாது’ என்று கிளப் சுவரிலேயே எழுதி வைத்தார்கள். இசையமைப்பாளர் ரியுய்ச்சி சகமோட்டோ உட்படப் பலர் கையெழுத்து இயக்கத்தில் சேர்ந்தார்கள். 2015இல் சட்டம் திருத்தப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் 10 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை.

அமெரிக்கா போகும் ஐரோப்பிய மாணவருக்கு வேறு அதிர்ச்சி. ஜெர்மனியில் பதினாறு வயதிலேயே பீர் வாங்கியவர் இருபதாவது வயதில் அமெரிக்க பாரின் வாசலில் நிறுத்தப்படுகிறார். 1984இல் வந்த கூட்டரசுச் சட்டம், மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைத்தது. சில ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. விளைவு, அங்கே மாணவரின் இரவு உரிமம் பெற்ற கடைகளிலிருந்து வீட்டு நிலவறைகளுக்குள் போய்விட்டது. உள்ளூர் மாணவர் மாட்டினால் எச்சரிக்கையோ அபராதமோ. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதாகும் வெளிநாட்டு மாணவருக்கு விசாவே பறிபோகலாம். நம்மூர்ப் பையன்களுக்கு 21 என்ற எண் புதிதில்லை. தமிழ்நாட்டிலும் அதே வயதுதான். டாஸ்மாக்கில் வயதைக் கேட்பார்களா என்பது வேறு பேச்சு.

கடிகாரத்தைக் கற்றுக்கொண்டுவிடலாம். ஒரு மாதம் போதும். வியாபாரத்தைத் தாண்டுவதுதான் கடினம்.

பெல்ஜியத்தின் லூவன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1425இல் தோன்றிய பல்கலைக்கழகம்; ஊரின் நடுவே அவுடே மார்க்ட் என்ற சதுக்கம், நாலாபுறமும் பார்கள். அங்கே படிக்கும் பிளெமிஷ் மாணவர்கள் வெள்ளிக்கிழமை பிற்பகல் பெட்டியை உருட்டிக்கொண்டு ரயிலேறி அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். அழுக்குத் துணியும் பெட்டியில் போகும். ஞாயிறு மாலை திரும்புவார்கள். ஆகவே லூவனில் மாணவர் கொண்டாட்டம் வாரநாட்களில்தான், அதிலும் வியாழனன்று உச்சத்தில் இருக்கும். இது தெரியாத வெளிநாட்டு மாணவர் வார நாளெல்லாம் படித்துவிட்டு சனிக்கிழமை இரவு சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினால், தெருவில் அவரைப் போன்றவர்களே இருப்பார்கள். அவர்களுக்கென்றே ஒரு விழா அமைத்து, வாசலில் கையில் ஒரு பட்டையைக் கட்டி, முதல் பானம் இலவசம் என்று அழைக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகம் உள்ள எல்லா ஐரோப்பிய ஊர்களிலும் இந்த வியாபாரம் உண்டு. கூட்டம் வராத நாளில் கிளப் காலியாகக் கிடக்கும். அந்த நாளை ‘எராஸ்மஸ் இரவு’ என்று பெயரிட்டு விற்றால் இருபது தேசத்து இளைஞர்கள் வந்து நிரப்புவார்கள். ஏற்பாட்டாளர் செமஸ்டர் தொடக்கத்திலேயே விடுதி வாட்ஸ்அப் குழுக்களில் புகுந்துவிடுவார். ஆங்கிலத்தில் அறிவிப்பு, எல்லா நாட்டிலும் கேட்ட அதே பாட்டுகள், குழுப் புகைப்படம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தனியாக வந்த பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் இது பெரிய உதவிதான். 1989இல் தோன்றிய எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பின் கிளைகள் ஐரோப்பா முழுக்க இந்த முதல் வாரத் தனிமையைப் போக்குகின்றன, அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் முதல் வாரத்தின் ஏற்பாடே கடைசி வாரம் வரை நீண்டுவிட்டால், அவர் பிராகில் இருந்தாரா போர்த்தோவில் இருந்தாரா என்பதைப் புகைப்படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இந்த விழாக்கள் ஒரு காரியம் செய்கின்றன: கேள்வி கேட்காமல் உள்ளே விடுகின்றன. வெளியே உள்ள வாசல்கள் அப்படியில்லை. பெர்லினைப் பார்க்கலாம். 1949 ஜூனில் ஹெய்ன்ஸ் செல்லர்மையர் என்ற ஓட்டல்காரர் அமெரிக்கத் தளபதி ஃபிராங்க் ஹவ்லியிடம் விஸ்கி பாட்டிலோடு போய்ப் பேசி, மேற்கு பெர்லினில் கடை மூடும் நேரத்தையே ஒழித்துவிட்டார். சோவியத் பகுதி ஒரு மணி நேரம் தாமதமாக மூடி வாடிக்கையாளரைத் தட்டிக்கொண்டு போகிறது என்பதுதான் அவர் வாதம். பனிப்போரில் இப்படியும் ஒரு முனை இருந்தது. 1989இல் சுவர் விழுந்ததும் கிழக்கே ஆளில்லாமல் கிடந்த கட்டடங்களில் டெக்னோ இசை குடியேறியது. 1991இல் பழைய பல்பொருள் அங்காடியின் பெட்டக அறையில் ட்ரெசோர் கிளப், 2004இல் ஒரு பழைய மின்நிலையத்தில் பெர்க்ஹைன் கிளப். 2016இல் ஒரு வரி நீதிமன்றம் பெர்க்ஹைனின் இசை நிகழ்ச்சிகளுக்கு 19 விழுக்காட்டுக்குப் பதில், இசைக் கச்சேரிக்கு உள்ள 7 விழுக்காட்டு வரியே போதும் என்றது. 2024இல் பெர்லின் டெக்னோ ஜெர்மனியின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இத்தனை கௌரவமும் உள்ளே போனவருக்குத்தான். வெளியே நீண்ட க்யூ. முன்னால் போனதும் பவுன்சர் ஒரு பார்வை பார்த்துத் தலையசைப்பார், அவ்வளவுதான். காரணம் சொல்வதில்லை.

பெர்க்ஹைன் வாசலில் பலர் திரும்புகிறார்கள், அதில் யாரும் தனியாக அவமானப்பட வேண்டியதில்லை. சிறு நகரங்களில் கதை வேறு. நான்கு வெள்ளை நண்பர்கள் உள்ளே போய், ஐந்தாவதாக நின்ற கறுப்பரையோ அரபு முகத்தையோ மட்டும் ‘இன்று உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று நிறுத்துவது ஜெர்மனியில் நீதிமன்றம் வரை போன விஷயம். 2006இல் வந்த சமநடத்தைச் சட்டத்தின் கீழ், ராய்ட்லிங்கன் ஊரின் டிஸ்கோ ஒன்று தோல் நிறத்துக்காகத் திருப்பியனுப்பிய இளைஞருக்கு 900 யூரோ தர வேண்டும் என்று ஸ்டுட்கார்ட் மேல் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அனுப்புவார் இல்லை. ஆறு மாதத்துக்கு வந்தவர் வழக்குப் போடப் போவதில்லை என்பது வாசலில் நிற்பவருக்கும் தெரியும். திருப்பியனுப்பப்பட்ட மாணவர் செய்வதெல்லாம், மறுமுறை நண்பர்கள் கூப்பிடும்போது ‘அசைன்மென்ட் இருக்கு’ என்று சொல்லிவிடுவது.

நம் பிள்ளைகள் என்றதும் குடிப்பதா வேண்டாமா என்ற கேள்விதான் வீட்டில் எழும். ஐஐடியிலிருந்து ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் உதவித்தொகையில் ஒரு செமஸ்டருக்கு ஜெர்மனி போகும் பிள்ளைகளோ, பிரான்சுக்கோ ஸ்வீடனுக்கோ போகிறவர்களோ, இவர்களில் குடிக்காதவர் பலர், சைவம் கணிசமானோர். இரவு என்றாலே மது என்று எண்ணி ஒதுங்குகிறவர்கள் ஒதுங்கத் தேவையில்லாத இடங்களிலும் ஒதுங்கிவிடுகிறார்கள். கையில் ஒரு ஆப்பிள் சாறு இருந்தால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கையில் எதுவுமே இல்லாமல் நிற்பதுதான் கண்ணை உறுத்தும். விலை இன்னொரு தடை. ஒரு கிளப் நுழைவுக் கட்டணத்தில் சில நாள் மளிகை வாங்கலாம். அதனால்தான் வட ஐரோப்பாவில் மாணவர் இரவு உண்மையில் விடுதியின் பொதுச் சமையலறையில் தொடங்குகிறது: கடையில் வாங்கிய பீர், பாஸ்தா, யாரோ கொண்டுவந்த ஸ்பீக்கர், ஓரத்தில் குக்கரில் நம்மவரின் சாம்பார். பலருக்கு மறக்காமல் நிற்பது இந்தப் பகுதிதான், அதற்குப் பிறகு போன கிளப் இல்லை.

பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இரவு வாழ்க்கை என்றால் கிளப்பைவிடத் தெருதான் பெரிது. பெண்கள் விடுதிக்கு மாலையே கேட்டைப் பூட்டி, ஆண்கள் விடுதிக்கு அப்படி ஒன்றும் இல்லாத கல்லூரிகளிலிருந்து போகிறவர்கள் அவர்கள். அந்தப் பூட்டை எதிர்த்து 2015இல் டெல்லியில் பிஞ்ச்ரா தோட் என்ற இயக்கமே எழுந்தது. அப்படிப்பட்ட ஒருத்தி இரவு ஒரு மணிக்கு நூலகத்திலிருந்தோ தோழி அறையிலிருந்தோ கிளம்பி, இரவுப் பேருந்தில் தனியாக உட்கார்ந்து, இறங்கி ஐந்து நிமிடம் நடந்து, தன் சாவியால் தன் கதவைத் திறக்கிறாள். வார்டனுக்குக் கையெழுத்து இல்லை, தாமதத்துக்கு விளக்கம் இல்லை. ஊரிலிருந்து வரும் போனில் இதை அவள் சொல்வதில்லை. சொன்னால் வீட்டில் தூக்கம் போய்விடும். பரிமாற்றத் திட்டங்களின் ஆய்வுகள் எதுவும் இந்த ஐந்து நிமிட நடையை ஒரு பயனாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2021 இலையுதிர் காலத்தில் பிரிட்டனில் பானத்தில் மருந்து கலப்பதாகவும் ஊசி குத்துவதாகவும் புகார்கள் குவிந்தபோது, பல்கலைக்கழக நகரங்களில் மாணவிகள் ஒரு நாள் கிளப்புகளைப் புறக்கணித்து வீட்டிலேயே இருந்து கண்டனம் தெரிவித்தார்கள். 2022 அக்டோபர் 29 அன்று சோல் நகரின் இதேவோன் பகுதியில் நடந்தது இன்னும் கொடுமை. ஹாலோவீன் கூட்டம், குறுகலான இடத்தில் சுமார் 3.2 மீட்டர் அகலமே உள்ள சரிவான சந்து. நெரிசல் பற்றிய முதல் அவசர அழைப்பு மாலை 6.34க்கே போலீசுக்குப் போயிருக்கிறது. பத்து மணிக்குப் பிறகு கூட்டம் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்தது. இறந்த 159 பேரில் 26 பேர் வெளிநாட்டவர், அவர்களில் மாணவர்களும் உண்டு. பல்கலைக்கழகங்களின் பாதுகாப்புக் குறிப்புகள் பெரும்பாலும் ‘நீ கவனமாக இரு’ என்று தனி மாணவரிடமே பேசுகின்றன. இதேவோனில் கவனக்குறைவாக இருந்தது மாணவர் இல்லை.

ஊருக்கும் ஒரு தரப்பு உண்டு. மாணவருக்கு ஆறு மாதம் திருவிழா. மேல்மாடியில் குடியிருக்கும் முதியவருக்கு வருஷம் முழுக்கத் தூக்கமில்லை. மாட்ரிட் பிராந்தியம் தெருவில் கூடிக் குடிப்பதை 2002லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. இத்தாலியின் பிரெஷா நகரில் இரவுக் கூச்சலைத் தடுக்காததற்கு நகராட்சியே பொறுப்பு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. ஆம்ஸ்டர்டாம் ‘இரவு மேயர்’ என்று ஒருவரை வைத்து, கடைக்காரர், குடியிருப்பவர், நகராட்சி மூவரையும் பேச வைத்தது. பல நகரங்கள் அதைப் பின்பற்றின. இந்தப் பேச்சு மேஜைகளில் பரிமாற்ற மாணவர் எங்கும் இல்லை.

சரி, இரவு உள்ளே இழுத்துக்கொள்ளும் ஊர் எது? ஸ்வீடனின் உப்சாலாவில் மாணவர் சங்கங்கள் பதிமூன்று உண்டு, ‘நேஷன்’ என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஒரே மாகாணத்திலிருந்து வந்த மாணவர்கள் சேர்ந்து அமைத்தவை, சென்னையில் உள்ள ஊர்ச் சங்கங்களைப் போல. 2010 வரை மாணவர் எவரும் ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும். இப்போது விருப்பம்தான், வெளிநாட்டவரும் சேரலாம். அரசு மதுக்கடை சனிக்கிழமை மூன்று மணிக்கே மூடிவிடும், ஞாயிறு திறக்காது, வெளி பார்களில் விலை கண்ணைக் கட்டும். அந்த நாட்டில் மாணவருக்கு மலிவான பப், கிளப், காலைச் சிற்றுண்டி எல்லாம் இந்தச் சங்கக் கட்டடங்களில்தான். நடத்துவது முழுக்க மாணவர்கள். சமையல், பரிமாறல், வாசலில் அட்டை பார்ப்பது, மூடிய பிறகு தரை துடைப்பது எல்லாமே ஷிஃப்ட் முறையில். ஆள் எப்போதும் பற்றாக்குறை, ஆகவே யார் வந்தாலும் வேலை கொடுப்பார்கள்.

செப்டம்பரில் வந்த ஒரு தென்னிந்திய மாணவர் ஒரு புதன்கிழமை பப் சமையலறையில் பெயர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரன் கட்டி, ஒரு பக்கம் பர்கர், இன்னொரு பக்கம் சைவ பர்கருக்குத் தனித் தட்டு, ஃப்ரையரில் உருளைக்கிழங்கு. பக்கத்தில் நிற்பவர் வடக்கே எங்கிருந்தோ வந்த சட்ட மாணவி. ஆர்டர் சீட்டு வரிசையாக வந்து விழுகிறது. இந்த நெருக்கடியில் யாரும் ‘இந்தியாவில் எல்லோரும் யானையில் போவீர்களா’ என்று கேட்பதில்லை. ‘வெங்காயம் முடிஞ்சுது, எடு’ என்றுதான் கேட்கிறார்கள். பதினொரு மணிக்கு மேல் கிரில்லைச் சுரண்டும்போது பேச்சு வருகிறது. சம்பளம் சொற்பம், பல இடங்களில் அதுவும் இல்லை. செமஸ்டர் முடிவில் வேலை செய்தவர்களுக்கு நன்றி விருந்து உண்டு.

அந்த விருந்து தனிக் கதை. நீள மேஜை, பெயர் எழுதிய இடம், வேண்டுமென்றே அறிமுகமில்லாதவர்களை அருகருகே உட்கார வைத்திருப்பார்கள். ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம். இரண்டு கவளம் சாப்பிடுவதற்குள் பாட்டை நடத்துபவர் கரண்டியால் கண்ணாடியைத் தட்டுவார். எல்லோரும் பாட வேண்டும். எழுத்துக் கூட்டிப் பாடினாலும் போதும். பாட்டு முடிந்ததும் கோப்பையை உயர்த்தி ஒரு பக்கத்து ஆளின் கண்ணைப் பார்த்து, மறு பக்கத்தவரைப் பார்த்து, எதிரே இருப்பவரைப் பார்த்து, குடித்துவிட்டு, அதே வரிசையைத் திருப்பிச் செய்து வைக்க வேண்டும். கோப்பையில் மதுவா வேறு பானமா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டிருப்பார்கள், சைவமா என்பதையும். இடைவேளைக்கு முன் கழிப்பறைக்கு எழுந்தால் கேலி. ஸ்வீடன்காரர்கள் கூச்ச சுபாவிகள், பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார மாட்டார்கள் என்று சொல்வதுண்டு. அவர்களுக்கே இத்தனை விதி தேவைப்படுகிறது. விதி இருப்பதால்தான் புதியவருக்கும் வழி கிடைக்கிறது.

உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதிய ‘தி நேச்சர் ஆஃப் பிரெஜுடிஸ்’ நூலில், இரு கூட்டத்தார் வெறுமனே பக்கத்தில் நிற்பதால் மனத்தடை குறையாது என்றார். சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, அமைப்பின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால்தான் பழக்கம் பலன் தரும். நடனத் தளத்தில் சம அந்தஸ்து ஒருவேளை இருக்கலாம், மற்ற மூன்றும் கிடையாது. உப்சாலாச் சமையலறையில் நான்கும் இருக்கின்றன. லூவனிலும் துறை மாணவர்களே நடத்தும் ஃபாக்பார்கள் உண்டு. சனிக்கிழமை சதுக்கத்தில் நிற்கும் அதே வெளிநாட்டு மாணவர் செவ்வாய்க்கிழமை அங்கே கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றால் பிளெமிஷ் மாணவர்கள் தாமே வந்து பேசுவார்கள். ஜப்பானில் ‘சர்க்கிள்’ எனப்படும் மாணவர் குழுக்கள் இதே வேலையைச் செய்கின்றன: டென்னிஸோ, கிதாரோ, மலையேற்றமோ, பகல் முழுக்க ஒன்றாகச் செய்துவிட்டு இரவு இரண்டு மணி நேரக் கட்டணத்தில் எல்லோரும் உட்கார்ந்து குடிக்கும் கூட்டம், பில் சமமாகப் பங்கு. அங்கே இரவு என்பது ஏற்கெனவே இருக்கும் உறவின் தொடர்ச்சி. ஆனால் சர்க்கிள்கள் ஆள் சேர்ப்பது கல்வியாண்டு தொடங்கும் ஏப்ரலில். செப்டம்பரில் வந்து இறங்கும் பரிமாற்ற மாணவருக்குக் கதவு பாதி மூடியிருக்கும். தேடிப் போய்த் தட்ட வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு, இரவை நடத்துவது யார் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. வியாபாரி நடத்தினால் வெளிநாட்டு மாணவர் நல்ல வாடிக்கையாளர், கடைசி நாள் வரை வாடிக்கையாளர். மாணவர்களே நடத்தினால், அவர்களுக்கு ஆள் தேவை, வந்தவருக்கு இடம் உண்டு. குணம், கூச்சம், மொழி எல்லாம் அதற்குப் பிறகு.

இதற்கும் எல்லை உண்டு. உப்சாலாவில் சமையலறை வரை ஆங்கிலம் போதும். தேர்தலில் நின்று பெறும் பொறுப்புகளுக்குப் பெரும்பாலும் ஸ்வீடிஷ் வேண்டும், ஒரு முழு ஆண்டும் இருக்க வேண்டும். செமஸ்டர் மாணவர் வெங்காயம் நறுக்குவதோடு நின்றுவிடுவார். கூலியில்லாத உழைப்பைத் தோழமை என்று பெயரிட்டு வாங்குகிறார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு, அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. இதைவிடப் பெரிய சிக்கல் காலம். 2021இல் தொடங்கிய புதிய எராஸ்மஸ் விதிகள், இணையவழிப் படிப்போடு சேர்த்து ஐந்து முதல் முப்பது நாள் மட்டும் நேரில் போய்வரும் குறுகிய பயணத்தையும் பரிமாற்றம் என்றே கணக்கில் எடுக்கின்றன. வேலைக்குப் போகும், குழந்தை உள்ள, பணவசதி இல்லாத மாணவர்களும் போகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பத்து நாளைக்கு வருகிறவருக்கு எந்தச் சமையலறையும் ஷிஃப்ட் போட்டுத் தராது. வந்த முதல் மாலையே அவர் கையில் பட்டையைக் கட்ட ஏற்பாட்டாளர் தயாராக நிற்பார்.